இமைப்பொழுதும் தாமதியாதீர்!

உடலைப் போர்த்தியிருக்கும் தோலில் மிக மெல்லியது கண்ணிமையின் தோல். அதில் ஒரு சிறு கீறலோ பூச்சிக்கடியோ போதும். அதன் வழியே நுழையும் கிருமி ஓரிரு நாட்களில் இமையையே அழுகச் செய்துவிடக்கூடும். அரிதான நோய்தான், ஆயினும் தாமதித்தால் பார்வையை மட்டுமன்றி உயிரையும் பறிக்க வல்லது. மருத்துவர்கள் இதனை 'நெக்ரோடைசிங் ஃபேஷியைடிஸ்' என்பர். தசையுறை அழுகல் என நாம் கொள்ளலாம்.

கண்ணைச் சுற்றி இதை விளைவிப்பது பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா. தோலுக்கடியில் பரவி, நச்சுகளைச் சுரந்து, நுண்ணிய இரத்தக் குழாய்களை அது அடைத்துவிடுகிறது. இரத்தம் எட்டாத சதை மடிகிறது. நீரிழிவு உடையோருக்கும் எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கும் அபாயம் மிகுதி. எனினும் நல்ல உடல்நலம் வாய்த்தோரையும் இது விட்டுவைப்பதில்லை.

சாதாரண இமை வீக்கத்திலிருந்து இதனைப் பிரித்தறிவது எவ்வாறு? வெளியே தெரியும் வீக்கத்தைக் காட்டிலும் வலி பன்மடங்கு கடுமையாக இருக்கும். காய்ச்சலும் தளர்ச்சியும் சேரும். சிவப்பு மணிக்கு மணி பரவும். பின்னர் ஊதாவாகி, கொப்புளம் எழும்பி, கறுக்கும். கறுக்கும்வரை காத்திருப்பது பேராபத்து.

மருத்துவமனையில் பெனிசிலின் போன்ற மருந்துகளை நரம்பு வழியே ஏற்றுவர். உடன் கிளிண்டமைசினும் தருவர். கிருமி நச்சு உற்பத்தி செய்வதை அது தடுக்கும். அத்துடன் மடிந்த சதையை அறுத்து அகற்ற வேண்டும் என்பர். குடும்பத்தார் திகைப்பது இங்கேதான். "மருந்து ஏறுகிறதே, கத்தி எதற்கு? பிள்ளையின் முகம் என்னாவது?" என்று கையொப்பமிடத் தயங்குவர்.

மருந்து இரத்தத்தின் வழியே செல்வது. இரத்தமே செல்லாத சதைக்கு மருந்து எங்ஙனம் சென்று சேரும்? அங்கே கிருமி பத்திரமாய்ப் பெருகும். பெனிசிலின் கண்டறியப்பட்டது 1928-இல். அதற்கு முன்னரே, 1924-இல், பீக்கிங் நகரில் தாம் கண்ட இத்தகைய நோயாளிகளைப் பற்றி மெலனி என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் எழுதினார். உடனடி அறுவையால் அவர்களுள் பெரும்பாலோர் பிழைத்திருந்தனர்.

முகத்திற்கு இரத்த ஓட்டம் மிகுதி. ஆகவே இமையின் நலமான பகுதியை இயன்றவரை காத்து, மடிந்ததை மட்டும், தேவையெனில் பலமுறை, அகற்றுவர். தொற்று அடங்கியபின் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டி இமையைச் சீரமைக்கலாம். இழந்த தோலுக்கு மாற்றுண்டு. இழந்த உயிருக்கு இல்லை.

எனவே தாய்மார்களே, வீங்கிய கண்ணில் தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ விடாதீர்கள். கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைத் தடவாதீர்கள். கடும் வலியும் காய்ச்சலும் கூடிய இமை வீக்கமெனில், விடியட்டும் என்றிராமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.