கதவைச் சாத்துகிறவர்களின் பாட்டு

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பிரிட்டனில் அகதிகள் வாரம் நடக்கிறது. 1998-இல் தொடங்கிய வழக்கம். அந்த நாட்களில் தேவாலயங்களிலும் நகர மண்டபங்களிலும் அடைக்கலத்தைக் கொண்டாடும் சேர்ந்திசைக் கச்சேரிகள் நடக்கும். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடப் பாடகர் குழுவில் பாடி வளர்ந்து, அகதியாக லண்டனுக்கு வந்தவள் நான். இங்கும் ஒரு குழுவில் ஆல்ட்டோ வரிசையில் நிற்கிறேன். இத்தகைய மேடைகளில் நான் பாடியவற்றுள் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட்டின் 'எ சைல்ட் ஆஃப் அவர் டைம்' என்ற சேர்ந்திசைப் படைப்பு.

அதற்குப் பின்னால் ஒரு பையன் இருக்கிறான். 1938 அக்டோபர் இறுதியில் ஜெர்மனி ஆயிரக்கணக்கான போலந்து யூதர்களை எல்லைக்குத் துரத்தியது. போலந்தோ அவர்களை உள்ளே விட மறுத்தது. அப்படி எல்லையில் சிக்கியவர்களில் ஹெர்ஷல் கிரின்ஷ்பானின் பெற்றோரும் இருந்தார்கள். அவனுக்கு 17 வயது. பாரிஸில் உரிய பத்திரங்கள் இல்லாமல் உறவினரிடம் ஒளிந்திருந்தான். நடந்ததைச் சொல்லி அக்காவின் அஞ்சலட்டை வந்தது. நவம்பர் 7 அன்று ஜெர்மன் தூதரகத்துக்குள் போய் ஓர் அதிகாரியைச் சுட்டான். இரண்டு நாளில் அவர் இறந்தார். அதையே சாக்காக வைத்து நாஜிகள் யூதர்களின் தொழுகைக்கூடங்களை எரித்தார்கள், கடைகளை நொறுக்கினார்கள்.

அடுத்த ஆண்டு போர் மூண்ட அதே செப்டம்பரில் டிப்பெட் எழுத உட்கார்ந்தார். பாடல் வரிகளைக் கவிஞர் டி. எஸ். எலியட்டிடம் கேட்டார். முன்வரைவைப் பார்த்த எலியட், நீங்களே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார். நல்ல தீர்ப்பு! 1944 மார்ச் 19 அன்று லண்டன் அடெல்ஃபி அரங்கில் அது முதன்முதலாக ஒலித்தபோது இசை நடத்திய வால்டர் கோயர், ஜெர்மனியை விட்டு வெளியேறி வந்த யூதர்.

ஹாண்டலின் 'மெசையா' போல இதற்கும் மூன்று பாகங்கள். பாக் தன் பெரிய படைப்புகளில் சபையார் அறிந்த ஞானப்பாட்டுகளை நடுநடுவே வைப்பார். டிப்பெட் அந்த இடங்களில் அமெரிக்கக் கறுப்பின அடிமைகளின் பக்திப் பாடல்கள் ஐந்தை வைத்தார். முதல் பாகத்தின் முடிவில், பிள்ளைகளை எப்படிக் காப்பேன் என்று கலங்கும் ஒரு தாயின் தனிப்பாட்டு ஓயும் முன்பே நாங்கள் அடங்கிய குரலில் 'ஸ்டீல் அவே' தொடங்குவோம். அவள் குரல் எங்கள் தலைக்கு மேலே தனியாக ஏறிப்போகும்.

இதைவிடக் கடினமான வேலை இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. ஓரிடத்தில் பாடகர் குழு இரண்டாகப் பிரிகிறது. விரட்டுகிறவர்கள் ஒருபக்கம், விரட்டப்படுகிறவர்கள் மறுபக்கம். சற்றுப் பொறுத்து நாங்களே மூன்றாவது கூட்டமாகவும் ஆகிறோம்: அகதிகளுக்கு இங்கே இடமில்லை என்று சொல்லும் யோக்கியர்கள். மிகச் சின்னப் பகுதிதான். ஒத்திகையில் அதைப் பற்களைக் கடித்துக்கொண்டு பாடினோம். நடத்துநர் நிறுத்தி, "கோபம் வேண்டாம், மரியாதையாகப் பாடுங்கள்" என்றார். என் பிரதியில் அந்த இடத்தில் பென்சிலால் 'மரியாதை' என்று எழுதி வைத்திருக்கிறேன். எழுதும்போது என் அண்ணாவின் அடைக்கல மனுவை நிராகரித்த அதிகாரியின் முகம் நினைவுக்கு வந்தது. அவர் குரலை உயர்த்தவேயில்லை; தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார்.

அடைக்கலக் கச்சேரி என்றால் இரக்கமுள்ளவர்கள் ஒன்றுகூடித் தங்கள் இரக்கத்தைத் தாங்களே கேட்டு மகிழ்வது என்று ஆகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. டிப்பெட் அதற்கு இடம் தருவதில்லை. கதவைத் தட்டுகிறவனையும் சாத்துகிறவனையும் ஒரே வாய் பாட வேண்டும். அகதியாக வந்த எனக்கும் அதிலிருந்து விலக்கு இல்லை. நேற்று வந்தவர்களைப் பற்றி முந்தாநாள் வந்த நாங்கள் பேசுவதைக் கேட்டிருப்பவர்களுக்கு அதன் நியாயம் புரியும்.

கேட்க விரும்புகிறவர்கள் காலின் டேவிஸ் நடத்திய 1975 பதிவிலிருந்து தொடங்கலாம். ஜெஸ்ஸி நார்மன், ஜேனட் பேக்கர் பாடியது. அந்த ஐந்து பக்திப் பாடல்களையும் வாத்தியங்களே இல்லாமல் பாடும்படி டிப்பெட் தனியாகவும் அமைத்துத் தந்திருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு 'மெசையா' பாடும் நம் ஊர்ப் பாடகர் குழுக்கள் ஒரு ஜூன் மாதத்தில் அவற்றை எடுத்துப் பாட வேண்டும்.