தசைக்குள் தங்கும் கொழுப்பு

சீனி வருத்தம் என்றதும் எல்லோரும் இரத்தத்திலுள்ள சீனியைப் பற்றித்தான் பேசுகிறோம். தேநீருக்குச் சீனியைக் குறைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஆனால் இரண்டாம் வகை நீரிழிவில் கொழுப்புக்கும் பெரிய பங்கு இருக்கிறது. இடுப்பைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியும் கொழுப்பு மட்டுமல்ல, தசைக் கலங்களுக்குள் சிறு துளிகளாகத் தங்கும் கொழுப்பும்தான்.

பகல் சோறு சாப்பிட்டதும் இரத்தத்தில் குளுக்கோசு ஏறுகிறது. சதையி இன்சுலினைச் சுரக்கிறது. உடனே தசைக் கலத்தினுள் காத்திருக்கும் குளுட்-4 என்ற காவிப் புரதங்கள் கலமென்சவ்வுக்கு நகர்ந்து குளுக்கோசை உள்ளே எடுக்கின்றன. இன்சுலினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கொழுப்பிழையத்திலிருந்து கொழுப்பமிலங்கள் வெளியேறுவதை அது தடுக்கிறது. தசையினுள்ளும் கொழுப்பமிலங்கள் இழைமணிக்குள் போகும் வழி ஒடுங்குகிறது. ஆகவே உண்ட பின் தசை அதிகம் எரிப்பது குளுக்கோசை. நோன்பு நாளின் அஸர் நேரத்தை நினைத்துப் பாருங்கள். அப்போது இன்சுலின் குறைவு. ஓய்விலிருக்கும் தசை பெரும்பாலும் கொழுப்பைக் கொண்டே இயங்குகிறது. ஆரோக்கியமான தசை இப்படி எரிபொருளை மாற்றிக்கொள்ளத் தெரிந்தது.

தேவைக்கு மேல் உண்டு, அசையாமல் இருந்தால் இந்தத் திறன் மங்குகிறது. எரிக்கப்படாத கொழுப்பமிலங்களிலிருந்து டைஅசைல்கிளிசரோல், செரமைட்டு போன்ற பொருட்கள் தசையில் சேர்கின்றன. இவை இன்சுலினின் செய்தி கலத்தினுள்ளே போய்ச் சேர்வதைக் குழப்புகின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இன்சுலின் கதவைத் தட்டுகிறது, உள்ளே கேட்பதில்லை. கொழுப்பிழையமும் அதன் சொல்லைக் கேளாது போனால் இரத்தத்துக்கு இன்னும் கொழுப்பமிலம் வருகிறது.

அப்படியானால் தசையில் கொழுப்பு இருப்பதே ஆபத்தா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த புதிர் வருகிறது. 2001 இல் அமெரிக்காவில் பிரெட் குட்பாஸ்டர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், நெடுநேரப் பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களின் தசையிலும் நீரிழிவு நோயாளர்களைப் போலவே நிறையக் கொழுப்பு காணப்பட்டது. ஆனால் வீரர்களின் உடலில் இன்சுலின் மிக நன்றாக வேலை செய்தது!

வேறுபாடு அளவில் இல்லை, புழக்கத்தில் இருக்கிறது. வீரரின் தசையில் கொழுப்புத் துளி பயிற்சியின்போது எரிந்து, பின்னர் மீண்டும் நிரம்புகிறது. அசையாதவரின் தசையில் அது தேங்கிக் கிடக்கிறது. எரிப்பதற்கு இழைமணிகள் வேண்டுமே! தொடர்ந்து ஓடவைத்த எலிகளின் தசையில் அவை பெருகுவதை ஜோன் ஹொலொசி 1967 இலேயே காட்டியிருந்தார். மனிதரிலும் அப்படியே.

உடற்பயிற்சி செய்யும் இன்னொரு உதவியும் உண்டு. தசை சுருங்கும்போது, இன்சுலின் இல்லாமலே குளுட்-4 மென்சவ்வுக்கு வந்துவிடுகிறது. பயிற்சி முடிந்த பின்னும் ஓரிரு நாள் வரை தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கும். அதற்குமேல் இடைவெளி விட்டால் அந்தப் பயன் கரைந்துபோகும். வெள்ளிக்கிழமை மட்டும் நீண்ட தூரம் நடப்பதைவிட நாள்தோறும் அரை மணி நேரம் நடப்பது மேல் என்பது இதனால்தான். வளர்ந்தோருக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உம்மாவிடம் இதைச் சொன்னபோது, “நாள் முழுக்கக் குசினியில நின்றுதானே வேலை செய்றேன்” என்றார். நிற்பது நல்லதுதான். ஆனால் மூச்சு சற்று வேகமாகும் அளவு கால்தசைகள் இயங்கினால்தான் மேலே சொன்னவை நன்றாக நடக்கும். பெண்கள் கூச்சமின்றி நடக்க எங்கள் ஊரில் இடம் குறைவு என்பதும் உண்மை. அதை வாப்பாமார்தான் யோசிக்க வேண்டும். இப்போதைக்கு உம்மாவும் நானும் சுபஹுக்குப் பிறகு மொட்டை மாடியில் சுற்றி நடக்கிறோம்.

இன்சுலின் ஊசியோ சீனியைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்ட பின்பே தொடங்க வேண்டும். மருந்தும் நடையும் சேரும்போது இரத்தச் சீனி அளவுக்கு மீறி இறங்கக்கூடும். நடக்கப் போகையில் கையில் இரண்டு டொபி இருக்கட்டும்.