கார் சார்ஜரில் சார்ஜ் ஏறும் சென்னை ஸ்போர்ட்ஸ் பைக்: வாங்கலாமா? பொறுத்திருக்கலாமா?

காட்டுப்பாக்கம்:

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் காட்டுப்பாக்கம், குமணன்சாவடி பக்கம் சாயங்காலம் ஆகிவிட்டால் டீக்கடை வாசலில் பைக்குகள் வரிசை கட்டி நிற்கும். சைலன்சர் சத்தத்தை கேட்டே "இது அந்த வண்டிடா" என்று சொல்லிவிடும் ஆட்கள் இங்கே உண்டு. அப்படிப்பட்டவர்களை, சத்தமே போடாத ஒரு வண்டி யோசிக்க வைத்திருக்கிறது.

சென்னையை சேர்ந்த ராப்டி என்ற சின்ன கம்பெனி 2024 அக்டோபரில் அறிமுகம் செய்த "டி30" எலெக்ட்ரிக் ஸ்போர்ட்ஸ் பைக்தான் அது. அறிமுக விலை ரூ.2 லட்சத்து 39 ஆயிரம். ஷோரூம் விலைதான் இது. மற்ற செலவுகள் தனி.

சைக்கிள் விலைக்கு வருகிற பொருள் இல்லை. சம்பளத்தில் மாதா மாதம் தவணை கட்டி வாங்குகிறவர்கள்தான் அதிகம். ரூ.2 லட்சம் கடன் வாங்கி, 11 சதவீத வட்டியில் 3 வருடத்தில் கட்டினால் மாதம் ஏறத்தாழ ரூ.6,550 போகும். தவணை முடிவதற்குள் கம்பெனி இருக்குமா, ஸ்பேர் கிடைக்குமா என்ற பயம் நியாயமான பயம்தான்.

கம்பெனி சொல்வது என்ன?

ராப்டி கம்பெனியை தொடங்கியவர்களில் ஒருவரும் தலைமை அதிகாரியுமான தினேஷ் அர்ஜுன், அமெரிக்காவின் டெஸ்லா கார் கம்பெனியில் வேலை பார்த்தவர். 2019-ல் கம்பெனி தொடங்கப்பட்டது. முதல் வண்டி அறிமுகம் ஆக 5 வருடம் பிடித்தது.

வண்டியில் 5.4 யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரி. சோதனைக்கூட கணக்கில் ஒரு சார்ஜுக்கு 200 கி.மீ., ரோட்டில் ஓட்டினால் 150 கி.மீ. என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. அதிகபட்ச வேகம் மணிக்கு 135 கி.மீ. நின்ற இடத்தில் இருந்து 60 கி.மீ. வேகத்தை 3.6 வினாடியில் தொடும் என்கிறார்கள். 250, 300 சி.சி. பெட்ரோல் பைக்குகளோடு போட்டி போடுவதுதான் குறி.

நம்ம ஊரில் ஸ்போர்ட்ஸ் பைக்காக இருந்தாலும் முதல் கேள்வி "மைலேஜ் எவ்வளவு?" என்பதுதான். அதை பிறகு பார்ப்போம். இந்த வண்டியில் உண்மையிலேயே புதுசு என்ன என்றால், அதன் வோல்டேஜ்.

240 வோல்ட் ரகசியம்

ரோட்டில் ஓடும் பெரும்பாலான எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் 48 முதல் 72 வோல்ட்டில் வேலை செய்பவை. டி30 வேலை செய்வது 240 வோல்ட் அளவில். எலெக்ட்ரிக் கார்களில் இருக்கும் முறையை பைக்குக்கு கொண்டு வந்திருக்கிறார்கள்.

இதில் என்ன லாபம்? 7,200 வாட் சக்தி வேண்டும் என்று வையுங்கள். 72 வோல்ட் வண்டியில் 100 ஆம்பியர் கரண்ட் ஓட வேண்டும். 240 வோல்ட்டில் 30 ஆம்பியர் போதும். ஒயரில் சூடு ஏறுவது கரண்டின் இருமடிக்கு ஏற்ப. அதாவது ஒரே தடிமன் ஒயராக இருந்தால் 72 வோல்ட் வண்டியில் சூடு 11 மடங்கு! சூடு குறைந்தால் ஒயர் மெலிசாக போதும், மோட்டார் நீண்ட நேரம் முழு சக்தியில் இழுக்கும். சித்திரை வெயிலில் சென்னையில் ஓட்டுகிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது லாபம் சார்ஜிங். கார்களுக்கு போட்டிருக்கும் சி.சி.எஸ்.2 பாஸ்ட் சார்ஜர்கள் பெரும்பாலும் 150, 200 வோல்ட்டுக்கு கீழே இறங்காது. ஸ்கூட்டரை அதில் மாட்ட முடியாது. இந்த பைக்கை மாட்டலாம். ஓட்டல், பெட்ரோல் பங்க், மால் என்று கார் சார்ஜர் இருக்கும் இடமெல்லாம் இதற்கும் சார்ஜ் கிடைக்கும் என்பதுதான் கம்பெனியின் பெரிய துருப்புச்சீட்டு. சின்ன கம்பெனி சொந்தமாக ஊர் ஊராக சார்ஜர் வைக்க வேண்டிய செலவும் மிச்சம். சும்மா சொல்லக்கூடாது, நல்ல யோசனை.

மைலேஜ் கணக்கு

காட்டுப்பாக்கத்தில் இருந்து கிண்டி, தரமணி பக்கம் வேலைக்கு போய் வருகிறவர் ஒரு நாளைக்கு 40 கி.மீ. ஓட்டுகிறார், மாதம் 25 நாள் என்றால் 1,000 கி.மீ. லிட்டருக்கு 35 கி.மீ. கொடுக்கும் பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு ஏறத்தாழ 28½ லிட்டர் வேண்டும். லிட்டர் ரூ.100 என்று வைத்தால் ரூ.2,850.

டி30-க்கு? 150 கி.மீ.க்கு ஒருமுறை முழு சார்ஜ். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 6 யூனிட் என்று வையுங்கள். மாதம் 40 யூனிட். யூனிட் ரூ.8 என்று தாராளமாக போட்டாலும் ரூ.320-தான். மாதம் ரூ.2,500 மிச்சம், 3 வருடத்தில் ரூ.90 ஆயிரம்.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டு கரண்ட் பில் 2 மாதத்துக்கு 500 யூனிட்டை தாண்டினால் ஸ்லாப் மாறி மொத்த பில்லும் எகிறும். ஏற்கனவே ஏ.சி. ஓடும் வீட்டில் பைக்குக்காக 80 யூனிட் கூடினால் அந்த கோட்டை தாண்டிவிட வாய்ப்பு உண்டு. வாடகை வீட்டுக்காரர்கள் நிலைமை இன்னும் மோசம். இந்த பக்கம் பல வீட்டு ஓனர்கள் சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு தாங்கள் வைத்ததே விலை என்று வசூலிக்கிறார்கள். கீழே பார்க்கிங்கில் பிளக் பாயிண்ட் போட விடுவாரா என்பதை வண்டி புக் பண்ணுவதற்கு முன்னால் கேட்டுவிடுவது நல்லது. பேட்டரியை கழற்றி இரண்டாவது மாடிக்கு தூக்கிக் கொண்டு போகிற வண்டி இல்லை இது.

எவ்வளவு தூரம் ஓடும்?

150 கி.மீ. என்பது நிதானமாக ஓட்டினால் கிடைக்கும் தூரம். ஸ்போர்ட்ஸ் பைக் வாங்குகிறவர் நிதானமாக ஓட்டுவாரா? வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். பெட்ரோல் வண்டிக்கும் இதே விதிதான். ஆனால் டேங்க் காலியானால் 2 நிமிடத்தில் நிரப்பிக் கொள்ளலாம். பேட்டரி காலியானால் கார் சார்ஜராக இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

காட்டுப்பாக்கத்தில் இருந்து காஞ்சிபுரம் போய் பட்டுப்புடவை வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம், பிரச்சினை இருக்காது. வேலூர் சுமார் 120 கி.மீ. பெங்களூர் ஹைவேயில் முறுக்கிக் கொண்டு போனால் போய்ச் சேருவதே இழுபறி, நடுவில் ஒரு சார்ஜர் அவசியம்.

135 கி.மீ. வேகத்தை எங்கே காட்டுவது என்பது வேறு கதை. டிரங்க் ரோட்டில் மெட்ரோ வேலை நடந்தபோது 35-ல் போனாலே பெரிய விஷயம். ஆசை இருப்பவர்களுக்கு 1990-ல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இதே ரோட்டில் மேற்கே இருக்கிறது. அதற்கு முன்னால் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தது, வயசானவர்கள் இன்னும் கதை கதையாக சொல்வார்கள். வேகத்தை அங்கே வைத்துக் கொள்ளலாம், ரோட்டில் வேண்டாம்.

மழை வந்தால்?

இந்த பகுதிக்காரர்கள் மறக்காமல் கேட்கும் கேள்வி. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி தண்ணீர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் என்று பட்டவர்கள் ஆயிற்றே. பேட்டரிக்கு ஐ.பி.67 பாதுகாப்பு என்கிறார்கள். 1 மீட்டர் ஆழ தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகக்கூடாது என்பது அதன் பொருள். தேங்கிய தண்ணீரில் ஓட்டிப் போக இது போதும். ஆனால் ராத்திரி முழுக்க முங்கிக் கிடந்தால் இந்த கணக்கு உதவாது. கன மழை எச்சரிக்கை வந்தால் வண்டியை மேடான இடத்துக்கு தள்ளிவிட வேண்டியதுதான்.

பேட்டரி தீப்பிடிக்கும் பயமும் பலருக்கு இருக்கிறது. 2022-ல் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்து எரிந்த பிறகு மத்திய அரசு பேட்டரி சோதனை விதிகளை இறுக்கியது. அதற்கு பிறகு வந்த வண்டி இது. பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 80 ஆயிரம் கி.மீ. வாரண்டி தருவதாகவும் கம்பெனி அறிவித்தது. வாரண்டி 8 வருடம், சரி. கம்பெனி 8 வருடம் இருக்குமா?

அமெரிக்காவில் நடந்த கதை

இங்கேதான் எரிக் பியூல் கதையை சொல்ல வேண்டும். ஹார்லி டேவிட்சனில் என்ஜினீயராக இருந்த அமெரிக்கர். விஸ்கான்சின் மாநிலத்தில் ஈஸ்ட் டிராய் என்ற சின்ன ஊரில் சொந்தமாக ஸ்போர்ட்ஸ் பைக் செய்தார். அவரது கம்பெனியை மெல்ல மெல்ல வாங்கிய ஹார்லி, 2009 அக்டோபரில் இழுத்து மூடியது. மனுஷன் விடவில்லை. எரிக் பியூல் ரேசிங் என்று புதுசாக ஆரம்பித்தார்.

2013-ல் 1190ஆர்.எக்ஸ். என்ற பைக் வந்தது. 185 குதிரை சக்தி. பெட்ரோல் டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் காற்று வடிகட்டி, பெட்ரோல் பைக்கின் சட்டத்துக்கு உள்ளேயே! முன் பிரேக் டிஸ்க் சக்கரத்தின் விளிம்பில். விலை 18,995 டாலர். ஓட்டிப் பார்த்தவர்கள் புகழ்ந்தார்கள். வாங்க யோசித்தவர்கள் கேட்டதெல்லாம் டீலர் எங்கே, ஸ்பேர் எங்கே, நாளைக்கு விற்றால் யார் வாங்குவான் என்பதுதான். காட்டுப்பாக்கத்தில் கேட்கும் அதே கேள்விகள்.

நம்ம நாட்டு ஹீரோ கம்பெனி 2013-ல் 2½ கோடி டாலர் கொடுத்து அதில் 49.2 சதவீத பங்கு வாங்கியது. 2014-ல் உலக சூப்பர்பைக் பந்தயத்தில் ஹீரோ பெயரோடு அந்த பைக் ஓடியது. அதே வருடம் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் எரிக் பியூல் உதவியோடு செய்த எச்.எக்ஸ்.250ஆர் என்ற பைக்கை ஹீரோ காட்டியது. இங்கே பல இளைஞர்கள் அதற்காக காசு சேர்த்து வைத்து காத்திருந்தார்கள். 2015 ஏப்ரலில் எரிக் பியூல் ரேசிங் கதவை மூடியது. 250 பைக் ஷோரூமுக்கு வரவே இல்லை.

பெரிய கம்பெனி என்றால் மட்டும் உத்தரவாதமா? 2020 செப்டம்பரில் ஹார்லியே இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பிறகு ஹீரோ கைகொடுத்தது.

புதுப்பேட்டை காப்பாற்றுமா?

சென்னைக்காரர்களுக்கு இதில் வேறு ஒரு அனுபவம் உண்டு. 1955-ல் இங்கிலாந்து ராயல் என்பீல்டு கூட்டோடு சென்னையில் புல்லட் செய்ய ஆரம்பித்தார்கள். 1970-ல் இங்கிலாந்து கம்பெனி காணாமல் போனது. திருவொற்றியூர் தொழிற்சாலை ஓடிக்கொண்டே இருந்தது. மைசூர் ஐடியல் ஜாவா 1996-ல் மூடப்பட்டது, எஸ்டி பைக்குகள் இன்னும் ரோட்டில் ஓடுகின்றன. ஜி.பி. ரோட்டில் தேடினால் பார்ட்ஸ் கிடைக்கும், புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும், எதுவும் இல்லை என்றால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கிக் கொள்ளலாம்.

எலெக்ட்ரிக் பைக் கதை வேறு. பிரேக், டயர், செயின் எல்லாம் எந்த மெக்கானிக்கும் பார்ப்பார். பேட்டரி, கன்ட்ரோலர், அதற்குள் இருக்கும் சாப்ட்வேர் மூன்றும் கம்பெனி கையில். 240 வோல்ட்டில் ரோட்டோர மெக்கானிக் கை வைக்கவும் கூடாது, உயிருக்கே ஆபத்து. கம்பெனி மூடினால் சாப்ட்வேரை லேத்தில் கடைய முடியாது. டி30-க்கு மட்டும் இல்லை, பெங்களூர் அல்ட்ராவயலெட் எப்77, கிருஷ்ணகிரியில் தயாராகும் ஓலா ரோட்ஸ்டர் எல்லாவற்றுக்கும் இதேதான். ராயல் என்பீல்டும் 2024 நவம்பரில் மிலன் கண்காட்சியில் பிளையிங் பிளீ என்ற எலெக்ட்ரிக் பைக்கை காட்டியது. பெரிய கம்பெனிகள் வரும்போது சின்ன கம்பெனிக்கு போட்டி கடுமையாகும்.

விலை விஷயத்திலும் நிலவரம் மாறியது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பெட்ரோல் பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28-ல் இருந்து 18 சதவீதமாக குறைந்தது. எலெக்ட்ரிக் வண்டிக்கு பழைய 5 சதவீதமேதான். ஆக, டி30 அறிமுகமானபோது இருந்த விலை வித்தியாசத்தை வைத்து இப்போது கணக்கு போட்டால் தப்பாகிவிடும்.

தினமும் 40, 50 கி.மீ. ஓட்டுகிறவர், சொந்த வீடு, வாசலில் பிளக், வீட்டில் இன்னொரு பெட்ரோல் வண்டியும் இருக்கிறது என்றால் இந்த பைக் பொருந்தும். ஒரே வண்டி, வாடகை வீடு, மாதம் ஒருமுறை திருவண்ணாமலை போக வேண்டும் என்பவர் பொறுத்திருப்பதே நல்லது. முதல் ஆயிரம் வண்டிகளில் ஒன்றை வாங்குவது என்பது காசும் கொடுத்து சோதனையும் செய்து கொடுப்பது மாதிரி.

ஓட்டிப் பார்க்க போகிறவர்கள் தனியாக ஒரு ரவுண்டு அடித்துவிட்டு "சூப்பர்" என்று சொல்லிவிட்டு வரக்கூடாது. பின்னால் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு போரூர் மேம்பாலம் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். சர்வீஸ் செய்யும் இடம் எங்கே என்று நேரில் போய் பார்க்க வேண்டும். அப்படியே பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு கார் சார்ஜரில் வண்டியை மாட்டச் சொல்லி, சார்ஜ் ஏற ஆரம்பிக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு அட்வான்ஸ் கட்டலாம்.