மடியில் டேப்லெட்... எதிரில் ஏலகிரி!

திருப்பத்தூர்-

ஜோலார்பேட்டை ஜங்ஷனில் மாலை ரெயிலுக்குக் காத்து நிற்கிறவர்களைப் பாருங்கள். ஆளுக்கொரு செல்போன்.

"வண்டி எங்கேப்பா வருது?"

"ஆம்பூர் தாண்டிடுச்சு. இதோ வாணியம்பாடி!"

ஸ்டேஷன் மாஸ்டரை யாரும் கேட்பதில்லை. எல்லாம் போனில் தெரிகிறது.

எப்போதாவது தலைக்கு மேலே ஒரு குட்டி விமானம் 'ர்ர்ர்' என்று போகும். ஒரே இஞ்சின். இரண்டு சீட் அல்லது நாலு சீட். அதை ஓட்டுகிறவரும், கீழே பிளாட்பாரத்தில் நிற்கிறவர் செய்கிற அதே வேலையைத்தான் செய்துகொண்டிருப்பார். அவர் தொடையில் பட்டை போட்டுக் கட்டிய ஒரு பலகை. பலகை மேல் ஒரு டேப்லெட்!

டேப்லெட் என்றதும் தலைவலி மாத்திரை என்று நினைத்துவிட வேண்டாம். சிலேட்டு அளவுக்கு இருக்கும் தொடுதிரைக் கம்ப்யூட்டர். பிள்ளைகள் படம் பார்க்கிற அதே சாதனம்தான். (அந்தத் தொடைப் பலகையை நம் ஆம்பூர்க்காரர்களிடம் காட்டினால், அதைவிட நல்லதாகத் தோலிலேயே தைத்துக் கொடுத்துவிடுவார்கள்.)

சொந்தத்துக்கு விமானம் ஓட்டுகிறவர்கள் தனி ரகம். 17 வயது நிரம்பி, 40 மணி நேரம் பறந்து, பரீட்சையும் பாஸ் செய்தால் நம் நாட்டில் 'பிரைவேட் பைலட்' லைசென்ஸ் கிடைக்கும். காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றக்கூடாது. ஆசைக்கு ஓட்டலாம். பெரிய விமானத்தில் பக்கத்திலே துணை விமானி உண்டு. பெட்டி பெட்டியாகக் கருவிகள் உண்டு. இவர்களுக்கு அதெல்லாம் கிடையாது. தானே ராஜா, தானே மந்திரி. அதனால்தான் இந்தக் கைக்கருவியை இவர்கள் அப்படிப் பிடித்துக்கொண்டார்கள்.

10 சென்ட் நோட்டு

இந்தக் கதை ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் தொடங்குகிறது.

அமெரிக்காவில் 1930 வாக்கில் எல்ரி ஜெப்சன் என்று ஒரு தபால் விமானி இருந்தார். அப்போது வானத்துக்கென்று ஒழுங்கான மேப் இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் மலையில் மோதிச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஜெப்சன் 10 சென்ட் கொடுத்து ஒரு கறுப்பு நோட்டு வாங்கினார். எந்த ஊரில் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு உயரம், எந்த மைதானம் எவ்வளவு நீளம், எல்லாவற்றையும் எழுதி வைத்தார். வழியில் இருந்த விவசாயிகளின் டெலிபோன் நம்பரையும் குறித்துக்கொண்டார். "உங்க ஊர்லே மேகம் எப்படிங்க?" என்று கேட்கத்தான்!

மற்ற விமானிகள் அந்த நோட்டைக் கேட்டு நச்சரிக்கவே, பிரதி எடுத்து 10 டாலருக்கு விற்றார். அதுவே கம்பெனியாகி, உலகம் பூராவும் விமானிகள் கையில் ஜெப்சன் மேப் ஏறியது.

2010-ல் ஐபேட் வந்தது. காகித மேப்புகள் மெல்ல மெல்லத் திரைக்குள் போயின. 'போர்பிளைட்' என்ற செயலி அமெரிக்காவில் சின்ன விமானக்காரர்களிடையே பரவியது. இங்கிலாந்தில் 'ஸ்கைடெமன்'. ஜெப்சன், போர்பிளைட் இரண்டையும் போயிங் கம்பெனி வளைத்துப் போட்டது. பிறகு அவற்றோடு இன்னும் ஒன்றிரண்டு கம்பெனிகளையும் சேர்த்து 2025-ல் விற்றுவிட்டது. விலை 1,055 கோடி டாலர். நம் பணத்தில் ஏறத்தாழ 90 ஆயிரம் கோடி ரூபாய்!

10 சென்ட் நோட்டு போட்ட குட்டி இது.

சிவக்கும் மலை

அப்படி என்னதான் தெரிகிறது அந்தத் திரையில்?

மேப் நடுவே ஒரு குட்டி விமானப் படம். விமானம் நகர நகர அதுவும் நகரும். கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதில்லை, பாலாறு எங்கே, நெடுஞ்சாலை எங்கே என்று தானே காட்டும்.

சென்னைப் பக்கமிருந்து பெங்களூர் பக்கம் ஒருவர் 3 ஆயிரம் அடி உயரத்தில் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே ஏலகிரி. உயரம் 3,600 அடி. மூட்டமாக இருந்தால் மலை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் டேப்லெட்டில் அந்த மலை பளிச்சென்று சிவப்பாகிவிடும். "உன்னைவிட நான் உசரம், தள்ளிப் போ" என்று அர்த்தம்.

அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத் தளம் இருக்கிறது. அந்தப் பக்கம் நினைத்தபடி நுழைய முடியாது. இப்படி அனுமதி வேண்டிய வான் பகுதிகளையும் கோடு போட்டுக் காட்டும். தெரியாமல் அத்துமீறி நுழைகிறவர்களால் தலைவலி தாங்காத பிரிட்டன் விமானத்துறையே, "இந்த நகரும் மேப்பை வைத்துக்கொள்ளுங்கள்" என்று சின்ன விமானக்காரர்களுக்கு யோசனை சொல்கிறது.

இன்னொன்றுதான் ரொம்ப விசேஷம். இஞ்சின் நின்றுவிட்டால்? விமானம் கல் மாதிரி விழுந்துவிடாது. மிதந்து இறங்கும். எவ்வளவு தூரம் மிதக்கும் என்பதை ஒரு வளையமாகப் போட்டுக் காட்டுகிறது செயலி. செஸ்னா 172 ரக விமானம் தரையிலிருந்து 5 ஆயிரம் அடி உயரத்தில் இருந்தால் சுமார் 12, 13 கிலோ மீட்டர் மிதந்து போகும். ஜோலார்பேட்டைக்கு மேலே இஞ்சின் நின்றால் திருப்பத்தூர் வளையத்துக்குள். ஆம்பூர் வளையத்துக்கு வெளியே. அந்த நேரத்தில் கணக்குப் போட யாருக்கு நிதானம் இருக்கும்?

ஏலகிரியிலிருந்து இறக்கை விரித்துக் குதிக்கிற 'பாராகிளைடிங்' விழாக்கள் நடந்ததுண்டு. அந்த விளையாட்டுக்காரர்களுக்கும் செல்போன் துணை உண்டு. சில போன்களில் காற்றழுத்தம் அளக்கும் சின்னக் கருவி உள்ளேயே இருக்கிறது. மேலே ஏறினால் 'பீப், பீப்' என்று சந்தோஷமாகக் கூவும். இறங்கினால் சத்தம் மாறும். சூடான காற்று எங்கே மேலே கிளம்புகிறதோ அங்கே சுற்றிச் சுற்றி ஏற வேண்டும். பருந்து செய்வதும் அதேதான். அதனால் பழகினவர்கள் போனுக்குக் காது கொடுத்தாலும், பருந்து மேல் வைத்த கண்ணை எடுக்கமாட்டார்கள்.

சதம் அடித்தால் சங்கடம்

இனி வருவது வில்லங்கம்.

வேலூரில் கோடைக்காலத்தில் 'வெயில் சதம் அடித்தது' என்று வருஷா வருஷம் செய்தி போடுகிறோமே, அந்த சதம் பாரன்ஹீட்டில் 100 டிகிரி. ஐபேடை எவ்வளவு சூடு வரை பயன்படுத்தலாம் என்று அதைச் செய்கிற ஆப்பிள் கம்பெனி சொல்வது 35 டிகிரி செல்சியஸ். அதாவது 95 பாரன்ஹீட்! நம் ஊரில் சதம் அடிப்பதற்கு முன்பே கருவி அவுட்.

அதுவும் குட்டி விமானத்தில் சுற்றிலும் கண்ணாடி. மேலே வெயில், கீழே மடிச்சூடு. கொஞ்ச நேரத்தில் திரை கறுத்து, "சூடு அதிகம், ஆறவிட்டுப் பயன்படுத்தவும்" என்று எச்சரிக்கை வரும். ஆறவிடுவது எங்கே? நடுவானிலா? அக்கினி நட்சத்திரத்தில் நம் பக்கம் பறக்கிறவர் காகித மேப் இல்லாமல் கிளம்பினால் அது தைரியம் ஆகாது.

டேப்லெட் வாங்கும்போதே ஏமாறுகிறவர்களும் உண்டு. சிம் போடும் வசதி இல்லாத, வைபை மட்டும் உள்ள ஐபேடில் ஜி.பி.எஸ். கிடையாது. கடையில் விலை குறைவு என்று அதை வாங்கி வந்தால், மேப் அழகாகத் தெரியும். 'நான் எங்கே இருக்கிறேன்' என்பது மட்டும் தெரியாது! தனியாக ஒரு ஜி.பி.எஸ். பெட்டி வாங்கிச் சேர்க்க வேண்டும்.

வானத்தில் செல்போன் டவர் சரியாகக் கிடைக்காது என்பது பலருக்குத் தெரியும். அப்போது ஜி.பி.எஸ்.சும் போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. அது செயற்கைக்கோளிலிருந்து வருவது. ஆனால் மேப்பை வீட்டிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளைத் திரையில் குட்டி விமானம் மட்டும் பறந்துகொண்டிருக்கும்.

காந்தம் வைத்த டேப்லெட் உறையைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் முள் பிசகும். வடக்கு வேறு பக்கம் போய்விடும். இது ரொம்பப் பேருக்குத் தோன்றாத ஆபத்து.

மேக நிலவரம் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் தரையிலிருந்தே வானிலைத் தகவலை இலவசமாக ஒலிபரப்புகிறார்கள். சின்ன விமானி பறந்துகொண்டே டேப்லெட்டில் பார்த்துக்கொள்ளலாம். நம் ஊரில் அந்த வசதி கிடையாது. கிளம்புமுன் பார்த்ததுதான். ஜவ்வாது மலைப் பக்கம் மாலை நேரம் கறுத்துக்கொண்டு வருவதைச் சொல்ல ஜன்னலை விட்டால் வேறு வழி இல்லை.

செல்பியால் போன உயிர்

கருவி கெட்டுப்போவதைவிடப் பெரிய ஆபத்து, கருவியையே பார்த்துக்கொண்டிருப்பது.

2014 மே 31-ந் தேதி, நள்ளிரவு தாண்டிய நேரம். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் ஒரு செஸ்னா 150 விமானம் கிளம்பியது. விமானியும் ஒரு பயணியும் மட்டும். கொஞ்ச நேரத்தில் விமானம் வயலில் விழுந்து நொறுங்கியது. இருவரும் பலி.

நொறுங்கிய விமானத்தில் ஒரு சின்ன வீடியோ கேமரா கிடைத்தது. விபத்து நடந்த பயணம் அதில் பதிவாகவில்லை. அதற்கு முந்திய பயணங்கள் பதிவாகியிருந்தன. விமானியும், அவர் ஏற்றிச் சென்றவர்களும் பறந்தபடியே செல்போனில் 'செல்பி' எடுக்கிறார்கள். இரவில், பிளாஷ் வெளிச்சம் போட்டு!

விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், தாழப் பறக்கும்போது செல்போனில் கவனம் சிதறியது விபத்துக்குத் துணைக் காரணம் என்று எழுதியது. மேகமும் இருட்டும் சூழ்ந்த நேரத்தில் எது மேல், எது கீழ் என்று மூளைக்குப் பிடிபடாது. கண் கருவிமேல் இருக்க வேண்டிய நேரம் அது. கண்ணுக்கு நேரே பிளாஷ் அடித்தால் என்ன ஆகும்?

அதே ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டிஷ் விமானப் படையின் பெரிய விமானம் ஒன்று நடுவானில் திடீரென்று 4 ஆயிரம் அடிக்கு மேல் சரிந்தது. உள்ளே 190-க்கும் அதிகமானவர்கள். பலர் கூரையில் போய் முட்டிக்கொண்டார்கள். காரணம், விமானியின் சொந்தக் கேமரா. சீட் கைப்பிடிக்கும் விமானத்தைத் திருப்பும் பிடிக்கும் நடுவே அது சிக்கிக்கொண்டது! போனோ, டேப்லெட்டோ, கேமராவோ, கட்டிப் போடாத பொருள் அந்த அறையில் எமன்தான்.

பெரிய கம்பெனிகளும் தப்பவில்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013-ல் தன் விமானிகள் தூக்கிச் சுமந்த 16 கிலோ காகிதப் பையை ஒழித்துவிட்டு ஐபேட் கொடுத்தது. 2015 ஏப்ரலில் ஒரு நாள், மேப் செயலி நின்றுவிட்டது. டஜன் கணக்கில் விமானங்கள் கிளம்ப முடியாமல் தாமதம். கடைசியில் சொல்லப்பட்ட வைத்தியம்: செயலியை அழித்துவிட்டு மறுபடி ஏற்று! நம் வீட்டுப் பையன் சொல்கிற அதே வைத்தியம்.

இப்போது புதுத் தொல்லை ஒன்று. ஜி.பி.எஸ். போலி சிக்னல். 2025 நவம்பரில் டில்லி விமான நிலையத்தைச் சுற்றி இப்படிப் பொய்யான இடம் காட்டும் சிக்னல்கள் வந்தது பெரிய செய்தியானது. பெரிய விமானத்துக்குத் தரைக் கருவிகளும் ராடாரும் துணைக்கு இருந்தன. தொடையில் டேப்லெட்டை மட்டும் நம்பி ஒருவர் வந்திருந்தால்?

மும்பைப் பெண்

ஆரோஹி பண்டிட் என்ற மும்பைப் பெண், 2019-ல் அட்லாண்டிக் கடலைத் தனியாகக் கடந்தவர். ஸ்காட்லாந்தில் கிளம்பி, ஐஸ்லாந்து, கிரீன்லாந்தில் இறங்கி, கனடா போய்ச் சேர்ந்தார். அவர் ஓட்டியது ஒரு மாருதி காரைவிட எடை குறைந்த விமானம். 'மாஹி' என்று அதற்குப் பெயர்.

அதே ஆரோஹி 2021 அக்டோபர் 15-ந் தேதி, அதே மாஹியில், குஜராத் மாநிலம் பூஜ் நகரிலிருந்து ஆமதாபாத் வழியாக மும்பை ஜூஹுவுக்குப் பறந்தார். இம்முறை ஜி.பி.எஸ். கிடையாது. தானியங்கிக் கருவி கிடையாது. கம்ப்யூட்டர் கிடையாது. வேண்டும் என்றே எல்லாவற்றையும் விட்டுவிட்டார்!

காரணம், 1932-ல் அதே தேதியில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாக ஜூஹுவுக்குத் தபால் மூட்டையோடு தனியாகப் பறந்தார். ஆமதாபாத்தில் பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்தது. டாட்டாவிடம் இருந்தது கண்ணுக்கு ஒரு கண்ணாடி, கணக்குப் போட ஒரு ஸ்லைடு ரூல். தபாலில் ஒரு பகுதி நம் சென்னைக்கு. அதை நெவில் வின்சென்ட் என்ற விமானி பம்பாயில் வாங்கி, பெல்லாரி வழியாகப் பறந்து மறுநாள் சென்னையில் சேர்த்தார். அவருக்கும் கண்தான் துணை. ஆறு, மலை, தண்டவாளம், இவைதான் மேப்.

இன்றும் விமானப் பயிற்சியில் அந்தப் பாடம் உண்டு. வட்டமான ஸ்லைடு ரூலைச் சுற்றிக் காற்றுக்கும் தூரத்துக்கும் கணக்குப் போடச் சொல்லித் தருகிறார்கள். வெளியூருக்குப் பறப்பதற்கு முன், எத்தனை டேப்லெட் இருந்தாலும், வான் பாதுகாப்பு அனுமதி நம்பரும் விமானத் தகவல் மையத்தின் நம்பரும் கையில் வாங்கியாக வேண்டும். அதற்குச் செயலி விலக்குத் தராது.

கண்டிப்பான ஆசிரியர் என்றால் நடுவானில் டேப்லெட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, "இப்ப எங்கே இருக்கோம், சொல்லு?" என்பார்.

மற்ற ஊரென்றால் பையன் முழிப்பான். நம் ஊர் என்றால் கஷ்டமில்லை. கீழே தண்டவாளம் சென்னைக்கு ஒன்று, பெங்களூருக்கு ஒன்று, சேலத்துக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரிகிறது. பக்கத்தில் ஏலகிரி.

"ஜோலார்பேட்டை, சார்!"