ரிசர்வ் சைட்டும் ராத்திரி மிஷினும்



குடியிருப்போர் நலச் சங்கம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பொங்கல் விழாவும், உறியடியும், கோலப் போட்டியும்தான். தலைவர், செயலாளர் பெயரைப் பெரிதாகப் போட்டு ஒரு பேனர் கட்டுவார்கள். மறுநாள் அதை அவிழ்ப்பதோடு சங்கமும் அவிழ்ந்துவிடும். எங்கள் காலனி சங்கமும் பல வருஷம் அப்படித்தான் இருந்தது. இப்போது அதை நடத்துவது பெரும்பாலும் பெண்கள். நான் பொருளாளர். இதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆண்கள் ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு திரும்பும்போது மணி எட்டரை ஆகிவிடுகிறது. மனுவில் கையெழுத்துப் போட பகலில் வீட்டில் இருப்பது யார்? நாம்தானே!

அனுப்பர்பாளையம் பாத்திரத்துக்குப் பெயர் போன ஊர். பித்தளை, செம்பு, எவர்சில்வர் என்று அண்டாவும் குடமும் தவலையும் தட்டுகிற பட்டறைச் சத்தத்தில்தான் இங்கே பொழுது விடியும். அவினாசி ரோட்டை ஒட்டியிருந்த தோட்டமெல்லாம் பனியன் தொழில் வளர வளர சைட்டாகி, சைட்டெல்லாம் வீடாகி, வீட்டுக்குப் பின்னால் மிச்சமிருந்த இடமும் லைன் வீடாகிவிட்டது. ஆக, ஒரே வீதியில் சொந்த வீட்டுக்காரர், வாடகைக்காரர், பட்டறை, பவர் டேபிள், லோடு ஆட்டோ எல்லாம் இருக்கும். இங்கே ஒழுங்குமுறை என்று ஒன்றைக் கொண்டு வருவது லேசுப்பட்ட காரியமா?

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடிக் குடியிருப்புக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. 1994-ல் வந்த சட்டத்துக்குப் பதிலாக 2022-ல் புதுச் சட்டம் இயற்றி, 2024-ல் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். தனித்தனியாக சைட் வாங்கி வீடு கட்டிய நம்மைப் போன்றவர்களுக்கு அது பொருந்தாது. நாம் 1975-ம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்து கொள்ளலாம். ஏழு பேர் சேர்ந்தால் போதும். வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, வரவு செலவைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். நிர்வாகக் குழுவின் காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. 'அவர் இருபது வருஷமாகத் தலைவர்' என்று எங்கேயாவது பெருமையாகச் சொன்னால், நடுவில் தேர்தல் நடந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

என் நாத்தனார் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே வீட்டு முன்னால் புல் கொஞ்சம் உயரமாக வளர்ந்தால்கூட சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்துவிடுமாம். சந்தா பாக்கி வைத்தால் வீட்டின் மேலேயே உரிமை கோருவார்களாம். வீடு வாங்கும்போதே அந்த விதிகளுக்கெல்லாம் ஒப்புக்கொண்டுதான் வாங்குகிறார்கள். அதைக் கேட்டுவிட்டு எங்கள் கூட்டத்தில் ஒருவர், "நாமும் ஆளுக்கு ஐநூறு ரூபாய் அபராதம் போடலாங்க" என்று ஆரம்பித்தார். எந்த அதிகாரத்தில் போடுவது? அபராதம் போடுவது மாநகராட்சி வேலை. சங்கம் செய்யக்கூடியது பேசுவது, எழுதி வாங்குவது, முடியாவிட்டால் அதிகாரிகளிடம் மனு கொடுப்பது. அவ்வளவுதான். இது பலவீனம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அபராதம் போடும் அதிகாரம் இருந்திருந்தால் எங்கள் காலனியில் முதல் அபராதம் லைன் வீட்டில் இருக்கிற ஏழைக்குத்தான் விழுந்திருக்கும்.

ரிசர்வ் சைட் விவகாரத்துக்கு வருகிறேன். பெரிய லே-அவுட் போடும்போது ரோடு போக மிச்ச இடத்தில் பத்து சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டு இடம் என்று பொதுவுக்கு ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். நம் பக்கத்தில் அதைத்தான் ரிசர்வ் சைட் என்கிறோம். எங்கள் ரிசர்வ் சைட் வெகுநாளாக வேலிக்காத்தான் முளைத்துக் கிடந்தது. ஒருநாள் பார்த்தால் கல் ஊன்றி, கம்பி வேலி போட்டு, உள்ளே ஒரு தகரக் கொட்டகை! கேட்டதற்கு, "எங்க பாட்டன் காலத்து பூமிங்க" என்றார் ஒரு பெரிய புள்ளி.

சண்டைக்குப் போகவில்லை. காகிதம் தேடினோம். நகர் ஊரமைப்புத் துறை அங்கீகரித்த லே-அவுட் வரைபடம் எங்கள் சங்கத்தில் ஒருவரிடமும் இல்லை. கடைசியில், வீட்டுக் கடன் வாங்கிய ஒரு அக்காவின் பத்திரக் கட்டில் ஜெராக்ஸ் கிடைத்தது. அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டோம். தானப் பத்திரம் பதிவான விவரம் அதில் இருந்தது. அதன் பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி, இந்த இடம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டோம். முப்பது நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது 2005-ம் வருடச் சட்டம். பதில் கைக்கு வந்ததும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறை தீர்க்கும் நாளில், டிபன் டப்பாவும் தண்ணீர் பாட்டிலுமாகப் பதினோரு பேர் போய் வரிசையில் நின்றோம். அளந்தார்கள், நோட்டீஸ் கொடுத்தார்கள், வேலி போனது. எழுதும்போது நாலு வரியில் முடிகிறது. நடக்க ஒன்றரை வருஷம் ஆனது.

நடுவில் சோர்ந்து போனபோது எங்களுக்குத் தெம்பு கொடுத்தது ஒரு பெங்களூர் வழக்கு. அங்கே ஒரு குடியிருப்பில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை, மருத்துவமனை கட்ட ஒரு அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்கள். மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்று யாருக்கும் தோன்றும். குடியிருப்பவர்கள் விடாமல் கோர்ட்டுக்குப் போனார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. வீதியில் குடியிருக்கிற சாதாரண மனிதர்கள் பூங்காவுக்காக வழக்குப் போடலாம் என்பதே எங்களில் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

வேலி போன மறு வாரமே வேறு பிரச்சினை. "அங்க ஒரு புள்ளாரு கோயில் கட்டிப் போடலாம் கண்ணு. சாமி உக்காந்துட்டா அப்புறம் ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்" என்றார் எங்கள் வீதிப் பெரியம்மா. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வெளியாள் வேலி போட்டால் ஆக்கிரமிப்பு, நாமே கட்டினால் பக்தியா? இடம் மாநகராட்சியுடையது என்று மனு எழுதியவர்களே நாங்கள்தானே? பொதுக்குழுவில் ஓட்டெடுப்பு வைத்தோம். கோயில் வேண்டாம், வேப்பமரமும் புங்கமரமும் வைக்கலாம் என்று முடிவாயிற்று. அந்தக் கோபத்தில் இரண்டு வீட்டார் இன்றுவரை சந்தா தருவதில்லை. பெரியம்மா மட்டும் தினமும் ஒரு குடம் தண்ணீர் கொண்டு வந்து வேம்புக்கு ஊற்றுகிறார்! சுற்றிலும் வேலிக்கு, 2021-ல் நகர்ப்புறங்களுக்கு மறுபடி கொண்டு வந்த நமக்கு நாமே திட்டத்தைப் பற்றி விசாரிக்கிறோம். அதில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் பணமாக இருக்க வேண்டும் என்றிருந்தது. அதற்காக மாதச் சந்தாவில் கொஞ்சம் ஒதுக்கி வருகிறோம்.

ரிசர்வ் சைட்டைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்தது மிஷின் தகராறு. லைன் வீட்டில் குடியிருக்கிற சில பெண்கள் வீட்டிலேயே ஓவர்லாக் மிஷின் போட்டு பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார்கள். ராத்திரி பன்னிரண்டு வரை மோட்டார் ஓடும். பக்கத்து வீட்டில் பத்தாவது படிக்கும் பையன், இதய நோய்க்காரர் ஒருவர். அவர்கள் கஷ்டமும் கஷ்டம்தான். குடியிருப்புப் பகுதியில் வீட்டுக்குள் மிஷினே போடக் கூடாது என்று தீர்மானம் எழுதி, கையெழுத்துக்குக் கொண்டு வந்துவிட்டார்கள்.

கூட்டத்துக்கு லைன் வீட்டாரை யாரும் அழைக்கவில்லை. இருந்தாலும் ஒரு பெண் இடுப்பில் குழந்தையுடன் வாசற்படி ஓரமாக நின்றிருந்தாள். "ஏனுங்கக்கா, நா கம்பெனிக்குப் போனா கொழந்தைய ஆரு பாப்பாங்க? மிஷினு நின்னா வாடகையும் நின்னு போகுமுங்க" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. தீர்மானம் கொண்டு வந்தவரே அந்த லைன் வீட்டுக்குச் சொந்தக்காரர் என்பதை வாசகியருக்குச் சொல்லத்தான் வேண்டும்!

எனக்கு 2011-ம் வருஷம் ஞாபகம் வந்தது. அந்த ஜனவரியில் நொய்யல் மாசுக்காக உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. வேலையில்லாமல் வெளியூர்க்காரர்கள் மூட்டை கட்டிக் கிளம்ப, வீட்டுக்கு வீடு 'வாடகைக்கு விடப்படும்' என்று அட்டை தொங்கியது. வாடகையை நம்பிக் கடன் கட்டியவர்கள் அன்று பட்ட பாட்டை அதற்குள் மறந்துவிட்டோமா? அதைச் சொன்னேன். கூட்டத்தில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

பிறகு உட்கார்ந்து பேசினோம். 2000-ம் வருடத்து ஒலி மாசு விதிகளில் இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. குடியிருப்பில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. அதையே எங்கள் கணக்காக எடுத்துக்கொண்டோம். பத்து மணிக்கு மோட்டார் நிற்க வேண்டும். பொதுச் சுவரை ஒட்டி மிஷின் போடக் கூடாது, காலுக்கடியில் ரப்பர் ஷீட் வைக்க வேண்டும். அவசர ஆர்டர் என்றால் பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பட்டறைக்காரர்களும் காலை எட்டுக்கு முன் சுத்தியல் எடுப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். ரப்பர் ஷீட்டுக்குச் சங்கப் பணத்தில் பாதி கொடுத்தோம். அதற்கும் முணுமுணுப்பு இருந்தது. இருக்கட்டும்.

குப்பை பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. சென்னையில் 1989-ல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோராவில், வீதிவாசிகள் மாதம் ஒரு சிறு தொகை போட்டு, மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாகக் குப்பை எடுக்க வைத்தார்கள். எடுப்பவருக்குத் தெருவை அழகுபடுத்துபவர் என்று மரியாதையான பெயரும் வைத்தார்கள். எங்களுக்கு மாநகராட்சி வண்டி வருவதால் அந்தச் செலவு இல்லை. கட்டிங் வேஸ்ட்டை வீதி முனையில் கொளுத்துவதை நிறுத்துவதுதான் பெரும்பாடு. பாலியஸ்டர் கலந்த துணி எரிந்தால் அந்தப் புகையில் மூச்சு விட முடியுமா? இப்போது பழைய துணி வாங்குகிறவரை வாரம் ஒருமுறை வரச் சொல்லி எடைக்குப் போடுகிறோம். கொளுத்துவதைவிட நாலு காசு கிடைக்கிறது என்றதும் கொளுத்துவது பாதி குறைந்தது.

சங்கம் நடத்த நினைக்கும் சகோதரிகளுக்கு ஒன்று. மாதக் கணக்கைக் கையால் எழுதி மளிகைக் கடைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். டீச் செலவு முப்பது ரூபாய் என்றாலும் எழுதுங்கள். நான் அப்படிச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் சந்தா ஒழுங்காக வருகிறது. 2022 நவம்பர் முதல் தேதி தமிழ்நாட்டு நகரங்களில் முதன்முறையாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. உங்கள் வார்டில் கூட்டம் போட்டால் சங்கத்துத் தீர்மானத்தை எழுதியே எடுத்துச் செல்லுங்கள். வாயால் சொன்னது அங்கேயே நின்றுவிடும்.

அடுத்த பொதுக்குழுவில் லைன் வீட்டாருக்கும் ஓட்டுரிமை கொடுக்கும்படி துணை விதியைத் திருத்தலாம் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்காரர்களில் பாதிப் பேர், 'இன்றைக்கு இருப்பாங்க, நாளைக்குப் போவாங்க, அவங்களுக்கு எதுக்கு ஓட்டு' என்கிறார்கள். பதினைந்து வருஷமாக ஒரே லைன் வீட்டில் இருப்பவர்களும் இங்கே உண்டு. சந்தாவில் பாதி வாங்கிக்கொண்டு ஓட்டுக் கொடுக்கலாமா, சந்தாவே வேண்டாமா என்பதில்தான் எனக்கே இன்னும் குழப்பம். உங்கள் காலனியில் எப்படிச் செய்கிறீர்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதினால் உதவியாக இருக்கும்.

— ஒரு வாசகி, அனுப்பர்பாளையம், திருப்பூர்.