மீன் தொட்டிக்குள் கரையும் பித்தளை

வீட்டு மீன் தொட்டியில் கண்ணாடியைத் தவிர நீரைத் தொடும் பொருட்கள் பல உண்டு. கண்ணாடியை ஒட்டும் சிலிக்கன், நீரைக் கொண்டுவரும் குழாய், எல்போ, சொக்கட், வால்வு, கசிவை அடைக்கும் வாஷர் எல்லாம் இரவு பகலாக அந்த நீரிலேயே ஊறுகின்றன. இவற்றிலிருந்து எது, எவ்வளவு கரைந்து வரும் என்பது பாதி பொருளைப் பொறுத்தது, மீதிப் பாதி தண்ணீரைப் பொறுத்தது. கடையில் பொருளை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இந்த இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை கடந்து பலாங்கொடைக்கு ஏறும் வீதியில் இருக்கும் ஓப்பநாயக்க, இலங்கையின் ஈரவலயத்தைச் சேர்ந்தது. பழைமையான பளிங்குருப் பாறைகளின் மேல் மழை ஓயாமல் பெய்து, கரையக்கூடிய உப்புகளை எப்போதோ கழுவிக்கொண்டு போய்விட்டது. தோட்டத்து லயங்களுக்குப் பீலி வழியாக வரும் ஊற்று நீரில் கல்சியம் மிகக் குறைவு, அமிலத்தன்மை கொஞ்சம் கூடுதல். சவர்க்காரம் தொட்டதும் நுரைப்பதே இது மென்னீர் என்பதற்கு அடையாளம். பலாங்கொடைப் பக்கம் சுண்ணப் பாறை ஊடுருவிய இடங்களில் மட்டும் கணக்கு மாறும்.

இந்த நீர் மீனுக்குக் கெட்டதல்ல. புலத் ஹப்பயா, லே தித்தயா, ஹல்மல் தண்டியா ஆகிய மூன்றும் உலகத்துத் தொட்டிகளையெல்லாம் அலங்கரிக்கும் சிறு மீன்கள். மூன்றுக்கும் தாய்வீடு களனி, களு கங்கை உள்ளிட்ட தென்மேற்கு இலங்கையின் ஆற்றுப்படுகைகள்தான். வேறெந்த நாட்டிலும் அவை இயற்கையாகக் கிடையாது. ஓடையில் வலை போட்டுப் பிடிக்காமல், வளர்ப்பில் பெருகிய குஞ்சுகளை வாங்கி வளர்த்தால் இந்தப் பகுதி நீரில் அவை செழிக்கும். ஆனால் அவற்றுக்கு உகந்த இதே மென்னீர்தான் உலோகங்களைக் கரைப்பதிலும் கெட்டிக்காரத் தண்ணீர்.

முதலில் ஒட்டுப் பொருள். மீன் தொட்டிக்கு ஏற்றது, வேறெதுவும் கலக்காத சிலிக்கன். பிழிந்ததும் வினாகிரி மணம் வருகிற வகை காற்றின் ஈரத்தை எடுத்து இறுகும்போது அசற்றிக் அமிலத்தை வெளிவிடுகிறது. மணம் முற்றாகப் போன பிறகு அதனால் மீனுக்குத் தீங்கில்லை. மணமில்லாத நியூட்ரல் வகையிலும் தொட்டிக்கு உகந்தவை உண்டு, ஆகாதவையும் உண்டு. மூக்கை நம்பி முடிவு செய்ய முடியாது.

ஹாட்வெயார் கடைத் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் குளியலறை, சமையலறைச் சிலிக்கன்தான் உண்மையான ஆபத்து. டைல் இடுக்கில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க அதில் பூஞ்சணக்கொல்லி கலக்கிறார்கள். முன்பு ஆர்செனிக் சேர்மம் ஒன்றும் இதற்குப் பயன்பட்டது. பொடுகு ஷாம்பூவில் இருந்த சிங்க் பிரிதியோன், கப்பலின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டாதிருக்கப் பூசும் வண்ணத்தில் சேர்க்கும் நஞ்சு ஆகியவையும் இந்த வேலைக்கு உதவுகின்றன. இவை வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதற்கென்றே சேர்க்கப்பட்டவை. எத்தனை நாள் ஊறவைத்துக் கழுவினாலும் தீராது. டியூபின் பின்புறம் பூஞ்சண எதிர்ப்பு என்று சிறிய ஆங்கில எழுத்தில் இருக்கும். தோட்டத்து வீட்டில் அதை வாசித்துச் சொல்ல ஒருவர் கிடைக்காவிட்டால் தொட்டியோடு மீன் போய்விடும். மீன் தொட்டிக்கு உகந்தது என்று வெளிப்படையாக எழுதியிராத டியூபை விட்டுவிடுவது நல்லது.

ஒட்டும் முறையில் மழைநாட்டுக்கென்று ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிலிக்கன் இறுகக் காற்றில் ஈரம் வேண்டும், அந்த வகையில் இரத்தினபுரி மாவட்டத்துக் காற்று உதவி. ஆனால் கண்ணாடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருந்தால் ஒட்டு பிடிக்காது. பழைய தொட்டியைத் திருத்தும்போது மூலையில் இருக்கும் சிலிக்கனை பிளேடால் கீழிருந்து மேலாகச் சுரண்ட வேண்டும். விரல் நுனியால் தடவினால் வழுவழுப்பாகத் தட்டுப்படும் மெல்லிய பிசின் படலமும் போக வேண்டும். இறுகிய பழைய சிலிக்கனின் மேல் புதியது சரியாக ஒட்டாததால் ஓட்டைக்கு மேல் பூசி மறைப்பது வீண் வேலை. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, அது உலர்ந்ததும் காற்றுக் குமிழி விழாமல் ஒரே இழுப்பில் பிழிந்து, மேல் தோல் கட்டுவதற்கு முன் விரலால் அழுத்தி வழிக்க வேண்டும். வெளியிலிருந்து உள்ளே ஒரு நாளைக்கு 2 முதல் 3 மில்லிமீற்றர் வரைதான் இறுகும். தோல் கட்டியதைப் பார்த்து மறுநாளே நீர் நிரப்புவது பெரும் தவறு. 90 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 45 உயரம் கொண்ட தொட்டி நிறைந்தால் 182 லீற்றர், அதாவது 182 கிலோ. அந்தச் சுமையை ஒட்டின் மேல் ஏற்றுமுன் ஒரு வாரம் பொறுப்பதில் நட்டமில்லை.

சீமெந்துத் தொட்டிக்கு வினாகிரி மண வகை பொருந்தாது. அமிலம் சுண்ணாம்போடு தாக்கமுற்று ஒட்டு கழன்றுவிடும். புதுச் சீமெந்து தானே சுண்ணாம்பைக் கக்கி நீரைக் காரமாக்கும் என்பதால், பல வாரம் நீரை நிரப்பி, ஊற்றி, மாற்ற வேண்டியிருக்கும்.

குழாய் விஷயத்தில் தெரிவு எளிது. குடிநீருக்கென்று எஸ்.எல்.எஸ். 147 தரத்தில் வரும் விறைப்பான பி.வி.சி. குழாய் போதும். வயர் ஓட்டும் குழாய் மலிவு என்றாலும் அது குடிநீருக்காகச் செய்யப்பட்டதல்ல. பூந்தோட்டத்துக்கு நீர் அடிக்கும் வளையும் ஹோஸில் பிளாஸ்டிக்கை இளக்கும் தலேற்றுகள் இருக்கும். ஓரிரு நிமிடம் நிரப்பப் பயன்படுத்தலாம், நிரந்தரமாக இணைக்கக் கூடாது. பி.வி.சி. கம் என்பது ஆவியாகிப் போகும் கரைப்பான். ஒட்டி ஒரு நாள் உலரவிட்டு, நீர் ஓட்டிக் கழுவிவிட்டால் போதும். மரையில் சுற்ற வெள்ளை டெஃப்லான் டேப் பாதுகாப்பானது. சணலோடு பெயின்ட் தடவும் பழைய பாஸ்மாரின் பழக்கம் மீன் தொட்டிக்கு வேண்டாம்.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் ஒரு பித்தளை வால்வைப் பொருத்தினால் அத்தனையும் வீண். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். கடைசல் எளிதாக வேண்டுமென்று ஈயமும் சிறிது சேர்ப்பார்கள். மென்மையான அமில நீர் அதிலிருந்து முதலில் துத்தநாகத்தை உருவி எடுக்கும், பின்னாலேயே செம்பும் வரும். மனிதர் குடிக்கும் நீரில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் செம்பு வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மென்னீரில் அதன் நூற்றில் ஒரு பங்கே உணர்திறன் கூடிய மீன்களைக் கொன்றுவிடும். வீட்டார் நிம்மதியாகக் குடிக்கும் தண்ணீரில் மீன் சாவதற்கு விளக்கம் இதுதான்.

பூ (செவுள்) வழியாக மீன் தன் உடலுக்கு வேண்டிய சோடியத்தை உறிஞ்சுகிறது, செம்பு அந்த வாசலை அடைக்கிறது. நீரில் கல்சியம் நிறைய இருந்தால் அது பூவில் செம்பு அமரும் இடத்துக்குப் போட்டியிட்டு மீனைக் காக்கும். மென்னீரில் அந்தக் காவல் இல்லை. பித்தளைக் குழாயோடு பல வருடம் மீன் வளர்த்ததாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்று நீரில் அது நடக்கக்கூடியதே. சபரகமுவவின் பீலித் தண்ணீருக்கு அதை அளவுகோலாக்க முடியாது. தண்ணீர் மாறினால் அதே குழாயின் கதையும் மாறும்: 2014-இல் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தில் குழாய்கள் அப்படியே இருந்தன. நீர் எடுக்கும் இடம் மட்டும் மாறியது. அரிப்பைத் தடுக்கும் பொருள் சேர்க்காத ஆற்று நீர் பழைய குழாய்களின் ஈயத்தைக் கரைத்து வீடுகளுக்குள் கொண்டுவந்தது.

துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்க்கும் இதே கதிதான். லயத்து வரிசைக்கு நீர் கொண்டுவரும் பழைய இரும்புக் குழாயை ஒரு வீட்டார் மட்டும் மாற்ற முடியாது என்றாலும், காலையில் முதல் நீரைத் தொட்டிக்கு எடுக்காமலிருக்க முடியும். இரவெல்லாம் குழாயில் தேங்கிய நீரில்தான் உலோகம் அதிகம். சில நிமிடம் திறந்துவிட்டு, அந்த நீரைப் பாத்திரம் கழுவப் பிடித்துக்கொண்டு, பிறகு வருவதை மீனுக்கு எடுக்கலாம்.

தோட்டப் பகுதிகளில் செம்பு வருவதற்கு இன்னொரு வழியும் உண்டு. தேயிலையின் கொப்புள நோய் 1946-இல் இலங்கைக்குள் வந்ததிலிருந்து மலைநாட்டுத் தோட்டங்களில் செம்புப் பூஞ்சணக்கொல்லி தெளிக்கப்படுகிறது. மருந்து வந்த வெற்று கேன்களையும் பீப்பாய்களையும் கழுவி நீர் சேமிக்க எடுத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. பிளாஸ்டிக் சுவர் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெதுவாக விடும். அந்தக் கேனில் மீனுக்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும் நீர் பிடிக்கக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இறப்பர் விளையும் மாவட்டத்தில் கசிவுக்குக் கைக்கு முதலில் கிடைப்பது சைக்கிள் டியூப் துண்டு. இறப்பரை வல்கனைசுப்படுத்தத் துத்தநாக ஒட்சைட்டு சேர்க்கிறார்கள். அது நீரில் கசியும். டயர் இறப்பரின் பாதுகாப்புக்குச் சேர்க்கும் ஒரு பொருள் ஓசோன் பட்டு மாறி, மழை நீரோடு ஓடையில் கலந்து கோஹோ சல்மன் மீன்களைக் கொல்வதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2020-இல் கண்டறிந்தார்கள். டியூப் துண்டு வீதியோரத்து வாழை மரத்தைக் கட்ட உதவட்டும். தொட்டிக்கு சிலிக்கன் வாஷரோ, குடிநீர் தரத்து ஈ.பி.டி.எம். வாஷரோ போடலாம். உலோகம் தவிர்க்க முடியாத இடத்தில் துருப்பிடிக்காத எஃகு போடலாம்; நன்னீருக்கு 304 வகையே போதும்.

எல்லாம் பொருத்தி முடிந்ததும் நீர் நிரப்பி, மோட்டரை ஓடவிட்டு, ஒரு வாரத்துக்குள் இரண்டு மூன்று முறை முழு நீரையும் மாற்ற வேண்டும். அதன் பின் முதலில் விட வேண்டியது மீனையல்ல, ஓடையிலிருந்து எடுத்த இரண்டு நத்தைகளை. செம்புக்கு நத்தையும் இறாலும் மீனைவிட எளிதில் துவண்டுவிடும். நத்தை ஓட்டுக்குள் ஒடுங்கி அடியில் கிடந்தால் எங்கோ உலோகமோ பூஞ்சணக்கொல்லியோ கசிகிறது. வால்வு, வாஷர், ஒட்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, தனித்தனி வாளி நீரில் நத்தையோடு போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். நத்தைகள் இரண்டு மூன்று நாள் கண்ணாடியில் ஊர்ந்து பாசியை மேய்ந்தால் மீன் குஞ்சுகளை விடத் தொடங்கலாம், ஒரே நாளில் எல்லாவற்றையும் அல்ல, நான்கைந்தாக.