“போதும்!” என்று சொல்பவரும் வீரரே!
குத்துச்சண்டை ரசிகர் ஒருவரின் எண்ணங்கள்

அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் குத்துச்சண்டை, நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிகிறது. சிவகாசியில் அன்று பட்டாசு ஆலைகளுக்கு விடுமுறை. ஒரு கையில் டீ. மறு கையில் செல்போன். என்னைப் போன்ற ரசிகர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

நம் பக்கம் சிலம்பமும் கபடியும் தெரிந்த பக்கம். குத்துச்சண்டைக்குப் பேர் பெற்றது வட சென்னை. அங்கே சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பிரிந்து மோதினார்கள். சார்பட்டா பரம்பரையைச் சேர்ந்த கித்தேரி முத்து, வெள்ளைக்கார வீரர்களையும் எதிர்த்து நின்றவர். 2021-ல் “சார்பட்டா பரம்பரை” படம் வந்தது. அதன் பிறகு நம் ஊர் டீக்கடையிலும் குத்துச்சண்டைப் பேச்சு வந்துவிட்டது.

யார் குத்து பலமான குத்து? யார் எந்தச் சுற்றில் விழுந்தார்? பேச்செல்லாம் இதுதான். நான் கவனிப்பது வேறு. சண்டையை நிறுத்தியது யார்? எப்போது நிறுத்தினார்?

சண்டை நடப்பது எப்படி?

தொழில்முறைக் குத்துச்சண்டையில் பட்டத்துக்கான போட்டி பெரும்பாலும் 12 சுற்று. ஆண்களுக்கு ஒரு சுற்று 3 நிமிடம். இடையில் 1 நிமிடம் ஓய்வு. தலைக்குக் கவசம் கிடையாது.

கீழே விழுந்தவர், நடுவர் 10 எண்ணுவதற்குள் எழ வேண்டும். எழாவிட்டால் தோல்வி. இதுதான் “நாக்-அவுட்”.

10 எண்ணாமலும் சண்டை முடியலாம். ஒருவரால் இனித் தற்காத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்தால், நடுவர் குறுக்கே புகுந்து நிறுத்துவார். மருத்துவரும் நிறுத்தச் சொல்லலாம். வீரரின் மூலையில் நிற்கும் பயிற்சியாளரும், “எங்கள் ஆள் இனிமேல் ஆட மாட்டார்” என்று சொல்லிவிடலாம்.

அப்படி நிறுத்தினால் கூட்டம் கூச்சல் போடும். “இன்னும் ஒரு சுற்று விட்டிருந்தால் என்ன?” என்று திட்டும்.

அந்த ஒரு சுற்றில் என்ன நடக்கும் தெரியுமா?

ஒரே மேடை, இரண்டு உயிர்!

2025 ஆகஸ்டு 2-ந் தேதி. ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் ஒரே மேடையில் பல சண்டைகள் நடந்தன. ஷிகெதோஷி கோதாரி என்ற வீரர் 12 சுற்றும் நின்று ஆடினார். முடிவு, வெற்றி தோல்வி இல்லை. சற்று நேரத்தில் அவர் நினைவு இழந்தார். மூளையில் ஆபரேஷன் செய்தும் பலன் இல்லை. 8-ந் தேதி இறந்துபோனார்.

அதே மேடையில் ஹிரோமாசா உரகாவா என்பவர் 8-வது சுற்றில் வீழ்ந்தார். அவருக்கும் மூளையில் ஆபரேஷன். 9-ந் தேதி அவரும் இறந்தார். இருவருக்கும் வயது 28தான்!

கோதாரி தோற்கவில்லை. கடைசி மணி அடிக்கும் வரை நின்றவர். நிற்கிறார் என்பதால் நன்றாக இருக்கிறார் என்று சொல்ல முடியாது. நாம் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இது.

முற்றிய தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே நீர் குலுங்கும். தலையில் குத்து விழும்போது மண்டைக்குள் மூளையும் அப்படித்தான் குலுங்குகிறது. மேலே உள்ள சிறு இரத்தக் குழாய் அறுந்தால் உள்ளேயே இரத்தம் கட்டும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. கையுறை இருக்கிறதே என்பார்கள். அது கை எலும்பைக் காக்கும். மூளையைக் காக்காது.

இந்தச் சாவுகளுக்குப் பிறகு, கோதாரி ஆடிய அந்தக் கீழ்த்திசைப் பட்டப் போட்டிகளை 12 சுற்றில் இருந்து 10 சுற்றாகக் குறைத்தார்கள்.

இது புதிய கதை அல்ல. ஒரு காலத்தில் பட்டப் போட்டி 15 சுற்று. 1982 நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், கொரிய வீரர் டுக் கூ கிம் 14-வது சுற்றில் விழுந்தார். சில நாளில் இறந்தார். அதன் பிறகுதான் 15 சுற்று 12 ஆனது. விதிப் புத்தகத்தில் ஒரு வரி மாற ஓர் உயிர் போக வேண்டியிருந்தது!

சென்னைக்கு வந்த முகமது அலி

1980 தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி ஆடினார். அன்று அலியைப் பார்த்தவர்கள் இன்றும் அதைச் சொல்லி மகிழ்கிறார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, அலி மீண்டும் உண்மைச் சண்டைக்கு இறங்கினார். வயது 38. எதிரி லாரி ஹோம்ஸ். ஒரு காலத்தில் அலிக்குப் பயிற்சித் துணையாக இருந்தவர்! சுற்றுக்குச் சுற்று அலிக்கு அடி விழுந்தது. 10-வது சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்தினார். “இன்னும் ஒரு சுற்று” என்று கூட இருந்த உதவியாளர் கெஞ்சினார். டண்டி கேட்கவில்லை.

1984-ல் அலிக்கு நடுக்குவாத நோய் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். 2016-ல் காலமானார். டண்டி இன்னும் முன்பே நிறுத்தியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

1975-ல் மணிலாவில் நடந்தது மற்றொரு சண்டை. அலியுடன் 14 சுற்று ஆடிய ஜோ பிரேசியருக்குக் கண் வீங்கி மூடிவிட்டது. இருந்தும் கடைசிச் சுற்றுக்கு எழுந்தார். பயிற்சியாளர் எடி பச் அவரை உட்கார வைத்துவிட்டார். பட்டம் கிடைக்கவில்லை. ஆனால் பிரேசியர் அதன் பிறகு 36 ஆண்டுகள் உயிரோடு இருந்தார்!

58 வயதில் எதற்கு?

இப்போது என்ன நடக்கிறது? 2024 நவம்பரில் 58 வயது மைக் டைசனை, 27 வயது ஜேக் பாலுடன் மோதவிட்டார்கள். சுற்றை 2 நிமிடமாகக் குறைத்தார்கள். 8 சுற்றுதான். பெரிய கையுறை கொடுத்தார்கள். பால் வென்றார். கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அரங்கில் இருந்தவர்களோ சலித்துப்போய்க் கூச்சல் போட்டார்கள். பேரன் பேத்தி வயதுக்காரர்கள் பார்க்க, ஒரு பெரியவர் அடி வாங்குவதில் என்ன இன்பம்?

அதே மேடையில் அரியானா வீரர் நீரஜ் கோயத் பிரேசில் நாட்டவரை வென்றார். அந்தச் செய்திதான் எனக்கு இனித்தது.

2025 டிசம்பரில் ஜேக் பால், முன்னாள் உலக வீரர் அந்தோணி ஜோஷுவாவுடன் மோதினார். 6-வது சுற்றில் வீழ்ந்தார். தாடை உடைந்தது.

அதே மாதம் வேறொரு வீரர் செய்ததைப் பாருங்கள். அவர் டெரன்ஸ் கிராபோர்டு. செப்டம்பரில் தன்னைவிடக் கனமான பிரிவுக்குச் சென்று கானலோ அல்வாரெசை வென்றார். 42 சண்டை, 42 வெற்றி. இன்னொரு சண்டை ஆடினால் கோடி கோடியாகக் கிடைக்கும். ஆனால் 38 வயதில், “ஓய்வு பெறுகிறேன்” என்று சொல்லிவிட்டார். அல்வாரெசை வென்றதைவிட இதுதான் பெரிய வெற்றி.

நமக்கு என்ன?

“எங்கோ நடக்கும் சண்டை, நமக்கு என்ன?” என்று கேட்கலாம்.

நம் ஊர்ப் பட்டாசு ஆலையிலும் “நிறுத்து” என்ற சொல் உண்டு. இடி மின்னல் வந்தால் வேலையை நிறுத்தி, எல்லோரும் அறையை விட்டு வெளியேற வேண்டும். இது சட்டம். நிறுத்தச் சொல்ல வேண்டியவர் போர்மேன். அவர்தான் அங்கே நடுவர்.

ஒரு வித்தியாசம் உண்டு. குத்துச்சண்டைக்காரருக்குப் பணம் முன்பே பேசி முடிக்கப்படுகிறது. பாதியில் நிறுத்தினாலும் பேசிய தொகை வந்துவிடும். நம் தொழிலாளர்களில் பலருக்கோ எண்ணிக்கைக் கூலி. செய்த உருப்படிக்குத்தான் காசு. வேலை நின்றால் கூலியும் நிற்கும். அதனால்தான், “இன்னும் ஒரு குரோஸ் முடித்துவிடலாமே” என்று மனம் இழுக்கிறது. “இன்னும் ஒரு சுற்று” என்று கெஞ்சுவது போலத்தான் இதுவும்.

நிறுத்திய நேரத்துக்கும் கூலி உண்டு என்றால், நிறுத்தச் சொல்பவரை யாரும் திட்ட மாட்டார்கள். மேகம் கறுத்ததும் கைகள் தாமாகவே நின்றுவிடும்.

இடி ஓய்ந்ததும் வேலை தொடரும். நாளையும் வேலை இருக்கும். அதைச் செய்ய ஆளும் இருக்க வேண்டும் அல்லவா?